ஏர் ஃப்ரையரில் கோதுமைப் பட்டை ரோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேக்கரியில் கிடைக்கும் சின்னமன் ரோல், அதாவது பட்டை ரோல், மைதா, ஈஸ்ட், வெண்ணெய், சர்க்கரை நாலும் தாராளமாகச் சேர்ந்தது. இங்கே சொல்லப்படுவது வீட்டுக்கேற்ற சிறிய வகை. கோதுமை மாவை வடித்த தயிரில் பிசைந்து, பட்டைத்தூள் பூரணம் தடவிச் சுருட்டி, துண்டு போட்டு ஏர் ஃப்ரையரில் வேகவைப்பது. ஈஸ்ட் கிடையாது, மாவு உப்பும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தயிர் மட்டும் முன்கூட்டியே வடித்திருந்தால் மற்ற வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஏர் ஃப்ரையரில் செய்தாலே அது ஆரோக்கியமான பண்டம் ஆகிவிடுமா?

ஆகாது. மேலே சூடாகும் கம்பிச்சுருள், அதன் பின்னால் ஒரு விசிறி, கீழே ஒரு கூடை: ஏர் ஃப்ரையர் என்பது இவ்வளவுதான், ஒரு குட்டி 'அவன்' அடுப்பு. வடை, கட்லெட் போன்றவற்றில் எண்ணெய் மிச்சமாகிறது என்பது உண்மை. ஆனால் சின்னமன் ரோலை யாரும் எண்ணெயில் பொரிப்பதில்லையே. அதனால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

கலோரி குறைவது வேறு மூன்று இடங்களில்: பூரணத்தில் போடும் சர்க்கரை, மேலே ஊற்றும் ஐசிங், துண்டின் அளவு. சின்னமன் ரோலுக்குப் பேர்போன அமெரிக்கக் கடையான 'சின்னபன்' (Cinnabon) விற்கும் கிளாசிக் ரோல் ஒன்றில் சுமார் 880 கலோரி. கீழே உள்ள அளவுப்படி செய்தால் ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 115 கலோரி, சேர்த்த சர்க்கரை 3 கிராம் சொச்சம். துண்டும் சிறியதுதான், 40 கிராம் அளவு. மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு 'ஹெல்தி ஸ்நாக்' என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஏர் ஃப்ரையரின் உண்மையான வசதி, நாலு துண்டுக்காகப் பெரிய அவனைக் கால் மணி நேரம் சூடேற்ற வேண்டியதில்லை என்பதே.

சரியான அளவுகள் என்ன?

8 துண்டுகளுக்கு:

மாவுக்கு: கோதுமை மாவு 150 கிராம் (1¼ கப்), துணியில் வடித்த கெட்டித் தயிர் 130 கிராம், பேக்கிங் பவுடர் 1½ டீஸ்பூன், உப்பு ¼ டீஸ்பூன், எண்ணெய் அல்லது உருகிய நெய் 2 டீஸ்பூன், ஏலக்காய்த்தூள் ¼ டீஸ்பூன்.

பூரணத்துக்கு: மெத்தென்ற வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன் (15 கிராம்), நாட்டுச் சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன் (25 கிராம்), பட்டைத்தூள் 2 டீஸ்பூன் (5 கிராம்), கோதுமை மாவு 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

மேலே தடவ: பால் 1 டேபிள்ஸ்பூன்.

மாவையும் தயிரையும் தராசில் நிறுத்துக்கொள்வது நல்லது. மாவைக் கப்பில் அமுக்கி அள்ளினால் 30 கிராம் கூடிவிடும், ரோல் வறண்டுபோகும். கால் லிட்டர் தயிரை மெல்லிய துணியில் கட்டி இரண்டு மணி நேரம் வடியவிட்டால் ஏறத்தாழ 130 கிராம் கிடைக்கும். வடிந்த தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருங்கள், மாவு இறுகினால் அதையே தெளித்துப் பிசையலாம். ஏலக்காய் நம் ஊர்ச் சேர்க்கை என்று நினைக்க வேண்டாம். ஸ்வீடன்காரர்கள் தங்கள் பட்டை பன்னுக்கான மாவில் ஏலக்காய்தான் போடுகிறார்கள்.

செய்முறையை வரிசையாகச் சொல்லுங்கள்.

மாவு, பேக்கிங் பவுடர், உப்பு, ஏலக்காய்த்தூளை ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். தயிரையும் எண்ணெயையும் சேர்த்துக் கையால் திரட்டுங்கள். ஒரு ஸ்பூன் தயிரை முதலில் நிறுத்திவைத்து, தேவைப்பட்டால் சேர்ப்பது பாதுகாப்பு. ஒவ்வொரு கம்பெனி மாவும் ஒவ்வொரு அளவு ஈரம் இழுக்கும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் பிசைந்தால் போதும். மூடி 15 நிமிடம் விடுங்கள்.

மாவு ஊறும் நேரத்தில் பூரணத்துக்கான எல்லாவற்றையும் ஸ்பூனால் குழைத்துக்கொள்ளலாம். வெண்ணெய் மெத்தென்று இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது.

பட்டர் பேப்பரில் கொஞ்சம் மாவு தூவி, உருண்டையை 25 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்தில், அரை செ.மீ. கனமாகத் தேயுங்கள். பூரணத்தை விளிம்புவரை தடவினாலும், சுருட்டி முடிக்கும் பக்கத்தில் மட்டும் ஒன்றரை செ.மீ. வெறுமனே விட்டு, அந்த இடத்தைப் பாலால் ஈரமாக்குங்கள். 20 செ.மீ. பக்கத்திலிருந்து சுருட்டத் தொடங்குங்கள். பேப்பரைத் தூக்கித் தூக்கிச் சுருட்டினால் மாவு கிழியாது. முடிவில் ஒட்டும் இடம் அடியில் வரட்டும்.

வெட்டக் கத்தி வேண்டாம். கெட்டியான தையல் நூலை ரோலுக்கு அடியில் செலுத்தி, இரு முனைகளையும் மேலே கொண்டுவந்து குறுக்காக இழுத்தால் துண்டு நசுங்காமல் விழும். ஒவ்வொன்றும் 2½ செ.மீ. கனம். பேப்பரோடு தட்டில் வைத்து ஃப்ரிட்ஜில் 10 நிமிடம் குளிரவைத்துவிட்டு வெட்டினால் இன்னும் சுத்தமாக வரும்.

ஏர் ஃப்ரையரை 160 டிகிரியில் 3 நிமிடம் சூடேற்றுங்கள். துண்டுகளை ஒரு செ.மீ. இடைவெளியில் வைத்து, மேலே பால் தடவி, 160 டிகிரியில் 9 முதல் 11 நிமிடம் வேகவிடுங்கள். கடைசி இரண்டு நிமிடத்துக்குத் திருப்பிப் போட்டால் அடிப்பக்கமும் நிறம் பிடிக்கும். எடுத்தவுடன் சாப்பிடாமல் கம்பித் தட்டில் 5 நிமிடம் ஆறவிடுங்கள். நடுப்பகுதி அந்த நேரத்தில்தான் இறுகும்.

4 லிட்டர் கூடையில் ஒரு தடவைக்கு நாலைந்து துண்டுதான் பிடிக்கும். எட்டையும் நெருக்கி அடைத்தால் காற்று போக வழியில்லாமல் பக்கங்கள் வேகாது.

என் மெஷினோடு வந்த கையேட்டில் கேக், பன்னுக்கு 180 என்று போட்டிருக்கிறதே?

கையேட்டு எண்ணை வைத்துத் தொடங்காதீர்கள். கூடை வகை ஏர் ஃப்ரையரில் கம்பிச்சுருள் துண்டுகளுக்குச் சில அங்குலம் மேலேயே இருக்கிறது, விசிறிக் காற்றும் நேராக மேலிருந்து அடிக்கிறது. 180-ல் மேல்தோல் ஆறேழு நிமிடத்தில் பழுப்பாகிவிடும், உள்ளே மாவு பச்சையாகவே நிற்கும். அவனுக்கு எழுதிய எந்தக் குறிப்பையும் 15 முதல் 20 டிகிரி குறைத்துக்கொண்டு செய்வது பொதுவாகச் சரிவரும்.

இன்னொன்று, திரையில் 160 என்று காட்டினாலும் உள்ளே அதே சூடு இருக்கும் என்று உறுதியில்லை. 10 டிகிரி முன்பின் இருப்பது சகஜம். ஆகவே புது மெஷினில் முதல் முறை செய்கிறவர்கள் ஒரே ஒரு துண்டை மட்டும் வைத்துப் பாருங்கள். எட்டாவது நிமிடத்தில் திறந்து பார்த்து நேரத்தை முடிவு செய்துகொண்டு மற்றவற்றை வைக்கலாம். ஒரு துண்டு வீணானாலும் ஏழு மிஞ்சும்.

மேலே கருகுகிறது, நடுவில் மாவாகவே இருக்கிறது. ஏன்?

இதுதான் அதிகம் பேர் சொல்லும் புகார். காரணம் பெரும்பாலும் துண்டின் கனம். 4 செ.மீ. உயரத்துக்கு வெட்டினால் நடுவுக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் மேலே கருகிவிடும். 2½ செ.மீ. தாண்ட வேண்டாம். அடுத்த காரணம் இறுக்கமாகச் சுருட்டுவது. மாவு உப்ப இடமில்லாமல் நடுவில் களிபோல் தங்கிவிடும்.

இரண்டும் சரியாக இருந்தும் அப்படியே வந்தால், 150 டிகிரியில் 13 நிமிடம் என்று மாற்றிப் பாருங்கள். நிறம் பிடித்துவிட்டது, உள்ளே வேகவில்லை என்னும் நிலையில் ஒரு அலுமினிய ஃபாயில் துண்டைத் தொப்பிபோல் மேலே கவிழ்த்து, ஓரங்களைத் துண்டுகளுக்கு அடியில் செருகிவிட்டு 3 நிமிடம் கூடுதலாக வைக்கலாம். சும்மா மேலே போட்ட ஃபாயில் காற்றில் பறந்து கம்பிச்சுருளில் ஒட்டிவிடும், கவனம்.

சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 93 டிகிரி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நடுச்சுருளை முள்கரண்டியால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். இழுபட்டால் வேகவில்லை, பிரிந்து வந்தால் வெந்துவிட்டது. பல்குச்சி குத்திப் பார்ப்பது இங்கே உதவாது, உருகிய பூரணம் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும்.

பூரணம் உருகி வழிந்து கூடையில் பிடித்துக்கொள்கிறது.

வெண்ணெயை உருக்கி ஊற்றினால் அப்படித்தான் ஆகும். உருகிய வெண்ணெய் மாவின்மேல் நிற்காது, சுருட்டும்போதே ஓரத்துக்கு வந்துவிடும், சூட்டில் சர்க்கரையையும் இழுத்துக்கொண்டு கீழே சொட்டும். பூரணத்தில் சேர்க்கச் சொன்ன ஒரு டீஸ்பூன் கோதுமை மாவு இதற்காகத்தான். சர்க்கரை உருகும்போது அதைப் பிடித்துக் குழம்பாக நிறுத்தும். சோள மாவும் போடலாம்.

பிடித்துக்கொண்ட பாகைக் கத்தியால் சுரண்டாதீர்கள், கூடையின் பூச்சு போய்விடும். கூடையில் வெந்நீர் ஊற்றி இருபது நிமிடம் விட்டால் தானே கரையும்.

பட்டர் பேப்பர் போடலாமா? சிலிக்கான் கிண்ணம்?

ஓட்டை போட்ட பட்டர் பேப்பர் நல்லது. ஆனால் மெஷினைச் சூடேற்றும்போது வெறும் பேப்பரை உள்ளே வைக்கவே கூடாது. எடை இல்லாத பேப்பரை விசிறி மேலே இழுத்து, சூடான கம்பியில் பட்டால் தீப்பிடிக்கும். துண்டுகளை அடுக்கிய பிறகு பேப்பரோடு சேர்த்து இறக்குங்கள். பேப்பர் கூடையின் அடிப்பரப்பைவிடச் சிறியதாக இருக்கட்டும், பக்கச் சுவரில் ஏறி நின்றால் காற்றோட்டம் குறையும்.

சிலிக்கான் கிண்ணத்தில் அடிப்பக்கம் வெளிறியே இருக்கும், நேரமும் மூன்று நாலு நிமிடம் கூடும். 6 அங்குல அலுமினிய டின் அதைவிட மேல். ஒன்றோடொன்று ஒட்டி, பக்கமெல்லாம் மெத்தென்று வேண்டும் என்கிறவர்கள் டின்னில் அடுக்கலாம். 150 டிகிரியில் 16 முதல் 18 நிமிடம், முதல் பத்து நிமிடம் ஃபாயிலை ஓரங்களில் இறுக்கி மூடி.

ஆறியதும் கல் மாதிரி ஆகிவிடுகிறது.

கோதுமை மாவில் உள்ள தவிடு மெதுவாக, ஆனால் நிறைய ஈரம் இழுக்கும். பிசையும்போது சரியாக இருந்த மாவு பத்து நிமிடத்தில் இறுகுவது அதனால்தான். 15 நிமிட ஓய்வுக்குப் பிறகு தொட்டுப் பார்த்து, சப்பாத்தி மாவுபோல் கெட்டியாக இருந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் தயிர்த்தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். ஏர் ஃப்ரையரின் வேகமான காற்று வேறு ஈரத்தை உறிஞ்சுகிறது. மேலே பால் தடவுவது நிறத்துக்காக மட்டும் இல்லை, தோல் சீக்கிரம் காய்ந்துபோகாமல் மாவு உப்ப அவகாசம் கொடுக்கவும்தான்.

பேக்கிங் பவுடர் பழசாக இருந்தாலும் கல்லாகும். கால் கப் வெந்நீரில் அரை டீஸ்பூன் போட்டுப் பாருங்கள். சடசடவென்று நுரைக்காவிட்டால் வேறு வாங்குங்கள். 'டபுள் ஆக்‌ஷன்' என்று போட்டது இந்த முறைக்கு ஏற்றது, ஏனெனில் பாதி வேலையைச் சூடு பட்ட பிறகே செய்யும். ஆனாலும் பிசைந்த மாவை மணிக்கணக்கில் வெளியில் வைக்காதீர்கள். தயிர் நன்றாகப் புளித்திருந்தால் ஒரு சிட்டிகை சோடா உப்பு சேர்க்கலாம். கூடினால் சோப்பு வாடை வரும், மாவில் பழுப்புப் புள்ளிகளும் விழும்.

முதல் தடவை செய்கிறவர்களுக்கு 100 கிராம் கோதுமை, 50 கிராம் மைதா என்ற கலவை கைகொடுக்கும். மைதா குறைவாக ஈரம் இழுப்பதால் அப்போது தயிர் 120 கிராம் போதும்.

நடுச்சுருள் மட்டும் கூம்பு மாதிரி மேலே எழும்பி நிற்கிறதே?

இறுக்கிச் சுருட்டியிருக்கிறீர்கள். உப்பும் மாவு பக்கவாட்டில் போக முடியாமல் மேலே போகிறது. தளர்வாகச் சுருட்டுங்கள். வெளிச்சுருளின் வால் பிரிகிறது என்றால், கொஞ்சம் இழுத்துத் துண்டுக்கு அடியில் மடித்து வையுங்கள்.

எந்தப் பட்டை வாங்க வேண்டும்?

இந்தப் பண்டத்தில் தூக்கலாக நிற்கும் வாசனை பட்டைதான் என்பதால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டு மளிகைக் கடையில் 'பட்டை' என்று சாதாரணமாகக் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் காசியா. தடித்த, கடினமான, ஒரே அடுக்காக இருக்கும் மரப்பட்டை. பிரியாணிக்கும் குருமாவுக்கும் அதுதான் சரி, காரமும் நெடியும் அதில்தான் உண்டு. இலங்கையில் கறுவா என்று சொல்லப்படுவது வேறு மரம். மெல்லிய தாள் போன்ற பல அடுக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிச் சுருட்டு வடிவில் செய்திருப்பார்கள். வெளிர் பழுப்பு நிறம், விரலால் நொறுக்கினால் பொடியும், வாசனை இனிப்பாக இருக்கும். நம் கடைகளில் 'சுருள் பட்டை' அல்லது 'சிலோன் பட்டை' என்று கேளுங்கள். இலங்கையின் தெற்கே காலி, மாத்தறைப் பகுதிகள் இதற்குப் பேர்போனவை. சுருள் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விலை. 'ஆல்பா' என்ற தரம்தான் மிக மெல்லியது. 2022-ல் 'சிலோன் சின்னமன்' ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடும் பெற்றது. இந்திய உணவுத் தர விதிகளிலும் காசியாவும் இலவங்கப்பட்டையும் (சிலோன் வகை) தனித்தனிப் பொருள்கள்தான். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தால் எது என்று தெரியும்.

இனிப்புப் பண்டத்துக்குச் சிலோன் பட்டைதான் எங்கள் பரிந்துரை. கடையில் வாங்கும் 'சின்னமன் ரோல்' நெடி அப்படியே வேண்டும் என்கிறவர்களுக்குக் காசியா பிடிக்கும், அதுவும் தவறில்லை. ஆனால் அடுத்த பதிலைப் படித்துவிடுங்கள்.

காசியா ஈரலுக்குக் கெடுதல் என்கிறார்களே, உண்மையா?

காசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக இருக்கிறது. சிலோன் பட்டையில் அது மிகச் சொற்பம். கூமரின் அளவு மீறிப் போய்க்கொண்டே இருந்தால், எளிதில் பாதிக்கப்படும் உடல்வாகு உள்ள சிலருக்கு ஈரலைப் பாதிக்கலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதைக் காசியாத் தூளாக மாற்றிச் சொல்கிறது: 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு நாளைக்கு 2 கிராம், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை கிராம்.

நம் அளவோடு ஒப்பிடுங்கள். 5 கிராம் தூள், 8 துண்டு. ஒரு துண்டுக்கு 0.6 கிராமுக்கு மேல். பெரியவர் தினமும் இரண்டு துண்டு தின்றாலும் வரம்புக்குள் நிற்பார். சின்னக் குழந்தை ஒரே துண்டில் தாண்டிவிடும். எப்போதாவது ஒரு நாள் தாண்டுவதால் ஒன்றும் ஆகாது, அந்த வரம்பு வாழ்நாள் முழுவதும் தினமும் சாப்பிடுவதற்கானது. பள்ளி டப்பாவில் அடிக்கடி வைப்பதாக இருந்தால் சிலோன் பட்டைக்கு மாறிவிடுங்கள். ஈரல் நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் காசியாவைத் தவிர்த்து, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

ஐரோப்பிய விதிப்படி அன்றாடப் பேக்கரிப் பண்டத்தில் கூமரின் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, பாரம்பரிய அல்லது பருவகாலப் பண்டம் என்றால் 50 வரை போகலாம். 2013-ல் டென்மார்க்கின் பட்டை ரோல்கள் இந்த 15-ஐத் தாண்டுவதாகப் பெரிய கூச்சல் எழுந்தது. கடைசியில் அதைப் பாரம்பரியப் பண்டம் என்று வகைப்படுத்தித்தான் பேக்கரிக்காரர்கள் மூச்சுவிட்டார்கள்.

கடைத்தூளா, வீட்டில் அரைப்பதா?

வீட்டில் அரைப்பது. சிலோனா காசியாவா என்பது தூளாகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. 2024-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சில நிறுவனங்களின் பட்டைத்தூளில் ஈயம் இருப்பதாக அடுத்தடுத்து எச்சரித்ததும் நினைவிருக்கட்டும். முழுப் பட்டையில் கலப்படம் செய்வது தூளைவிடக் கடினம்.

பத்து கிராம் சுருள் பட்டையை நொறுக்கி, வெறும் வாணலியில் ஒரு நிமிடம் லேசாகச் சூடாக்கி, ஆறவைத்து மிக்ஸியின் சிறிய ஜாரில் விட்டு விட்டு அரைத்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். சலிக்காமல் போட்டால் ரோலைக் கடிக்கும்போது மணல்போல் நெருடும். காசியா சாதாரண மிக்ஸியில் அவ்வளவு நைசாக வராது. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வைத்தால் வாசம் குறைந்துவிடும், அப்போதைக்கப்போது அரையுங்கள்.

நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழம், ஸ்டீவியா: எது நல்லது?

நாட்டுச் சர்க்கரையும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. இங்கே அதைச் சொன்னது சுவைக்காக. வெல்லத்தின் மணமும் பட்டையும் நன்றாகச் சேரும், அதனால் குறைவாகப் போட்டாலும் இனிப்பு தெரியும்.

பேரீச்சை போட நினைத்தால் கொட்டை நீக்கியது 40 கிராமை இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு விழுதாக அரைத்து, பட்டைத்தூள் கலந்து தடவுங்கள். 40 கிராம் பேரீச்சையில் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதாவது நாட்டுச் சர்க்கரை போட்ட அதே அளவு. 'சர்க்கரை சேர்க்காதது' என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, உடம்புக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கொஞ்சம் நார்ச்சத்து கூடுதலாகக் கிடைக்கும். பெரிய லாபம் வேறு இருக்கிறது: விழுது உருகி வழியாது, வெண்ணெயும் தேவைப்படாது, துண்டுக்கு 13 கலோரி மிச்சம்.

ஸ்டீவியா இனிப்பைத் தரும், பாகு ஆகாது. சுருளுக்குள் வறண்ட தூளாக உட்கார்ந்துவிடும். பேரீச்சை விழுதைப் பாதியாக்கி அதில் கலந்தால் சகிக்கலாம். எரித்ரிட்டால் என்ற சர்க்கரை மாற்று ஆறியதும் கரகரப்பாகி, நாக்கில் புதினா தின்றதுபோல் ஒரு குளிர்ச்சியை விடும், இந்தப் பண்டத்துக்குப் பொருந்தாது.

சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா? பட்டை சர்க்கரையைக் குறைக்குமாமே?

பட்டையை மருந்தாக நினைத்து இதைச் சாப்பிட வேண்டாம். ஒரு துண்டில் கோதுமை மாவே 19 கிராம் இருக்கிறது, அது ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அரை கிராம் பட்டைத்தூள் அதை ஈடுகட்டாது. பேரீச்சை பாதி அளவில் செய்து, ஒரே துண்டை, நாலைந்து பாதாம் அல்லது கொஞ்சம் சுண்டலோடு சாப்பிடுவது தனியாகச் சாப்பிடுவதைவிட மேல். ஒன்றரை மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் உங்கள் உடம்புக்கு அது ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும்.

ராகி, கம்பு மாவில் செய்யலாமா?

முழுவதும் முடியாது. அவற்றில் மாவை இழுபடச் செய்யும் குளூட்டன் என்ற புரதம் இல்லாததால் சுருட்டும்போதே விரிசல் விடும். 150 கிராமில் 40 கிராம்வரை ராகி மாவு மாற்றலாம். ராகியின் நிறம் கருகலை மறைத்துவிடும், ஆகவே கண்ணை நம்பாமல் நேரத்தை நம்புங்கள்.

தயிர் சேர்க்காமல்?

கெட்டித் தேங்காய்ப்பால் 90 மில்லி, தண்ணீர் 25 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். மாவில் எண்ணெயை விட்டுவிடுங்கள், தேங்காய்ப்பாலின் கொழுப்பே போதும். பூரணத்தில் வெண்ணெய்க்குப் பதில் பேரீச்சை விழுது, மேலே தடவவும் தேங்காய்ப்பால். கலோரி குறையாது, சுவை அபாரமாக இருக்கும்.

ஈஸ்ட் போட்டுச் செய்தால் இன்னும் மெத்தென்று வருமே?

வரும். 150 கிராம் மாவுக்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம், வெதுவெதுப்பான பால் 105 மில்லி, எண்ணெய் 2 டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன். எட்டு நிமிடம் பிசைந்து, இரு மடங்காகும்வரை விட வேண்டும். சென்னை வெயிலில் முக்கால் மணி நேரம் போதும், ஊட்டியில் இரண்டு மணி நேரம் ஆகலாம். சுருட்டி வெட்டிய பிறகு இன்னும் அரை மணி நேரம். 150 டிகிரியில் 10 நிமிடம். பட்டைத்தூளை மாவிலேயே கலந்துவிடாதீர்கள், பட்டையின் வாசனைப் பொருளான சின்னமால்டிஹைடு ஈஸ்ட்டின் வேலையை மந்தமாக்கும். பூரணத்தில் இருக்கட்டும்.

கடையில் விற்கும் பஃப் ஷீட்டை வைத்துச் சுலபமாகச் செய்யக் கூடாதா?

சுலபம்தான், ஆரோக்கியம் என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். பஃப் ஷீட்டின் அடுக்குகள் உருவாவதே கொழுப்பால்தான், விலை குறைந்த வகைகளில் அது மார்ஜரின். 2022 முதல் இந்தியாவில் தொழிற்சாலைக் கொழுப்பில், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் ஃபேட் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வந்ததால் அந்தப் பயம் குறைந்திருக்கிறது. நிறைகொழுப்பும் கலோரியும் குறையவில்லை.

ஐசிங் இல்லாமல் அழகாக இல்லையே?

வடித்த தயிர் 3 டேபிள்ஸ்பூன், பொடித்த சர்க்கரை 2 டீஸ்பூன், இரண்டு சொட்டு வெனிலா. ரோல் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு தடவுங்கள். சுடச்சுடத் தடவினால் தயிர் திரிந்து தண்ணீராக ஓடும். புளித்த தயிர் கூடாது. தேன் கலக்கலாம், ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் சேர்த்ததைக் கொடுக்காதீர்கள். மேலே பட்டைத்தூள் தூவ ஆசைப்பட்டால் இந்தக் கட்டத்தில் தூவுங்கள். வேகவைக்கும் முன் தூவினால் விசிறிக் காற்றில் தூள் பறந்து கம்பியில் படிந்து புகையும்.

எந்த பிளக்கில் சொருகுவது, கரண்ட் எவ்வளவு ஆகும்?

1500 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், சொருகாதீர்கள். 16 ஆம்பியர் பாயின்ட்தான் சரி. இரண்டு ஈடு வேகவைத்தாலும் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

எத்தனை நாள் வைக்கலாம்? முன்கூட்டியே செய்து வைக்க முடியுமா?

வெந்தது வெளியில் ஒரு நாள், காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் மூன்று நாள். தயிர் ஐசிங் தடவியது என்றால் வெளியில் வைக்கவே வேண்டாம். திரும்பச் சூடாக்கும்போது மேலே தண்ணீர் தொட்டுத் தடவி, 150 டிகிரியில் இரண்டு நிமிடம்.

வேகாத துண்டுகளைத் தட்டில் தனித்தனியாக வைத்து உறையவிட்டு, கெட்டியானதும் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். எடுத்ததும் இளகவிடாமல் நேராக 150 டிகிரியில் 14 அல்லது 15 நிமிடம். பேக்கிங் பவுடரின் வீரியம் கொஞ்சம் குறைவதால் புதிதாகச் செய்ததைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கும். விருந்தாளி வரும் நாளுக்கு ஃப்ரீசர் துண்டை நம்ப வேண்டாம், பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு அது தாராளம்.

இவ்வளவு வேலை வேண்டாம், பத்து நிமிடத்தில் ஏதாவது?

நேற்று மீந்த சப்பாத்தி இருக்கிறதா? ஒரு சப்பாத்திக்கு அரை டீஸ்பூன் நெய்யை இரு பக்கமும் தடவி, ஒரு டீஸ்பூன் நாட்டுச் சர்க்கரையும் கால் டீஸ்பூன் பட்டைத்தூளும் கலந்து தூவி, விரலால் அழுத்திவிட்டு முக்கோணமாக வெட்டுங்கள். 160 டிகிரியில் 4 நிமிடம், நடுவில் ஒரு தடவை குலுக்கி. எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். மேலும் வைத்துக் கருக்கிவிடாதீர்கள், ஆறினால் மொறுமொறுப்பாகும். துண்டுகள் காற்றில் எழும்பிப் பறந்தால் மேலே சின்னக் கம்பித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள்.